ஒரு கப் அன்னாசி எத்தனை கிராம்

எங்கள் மாமா இந்த உலகத்தில் முழுசாக நம்பியது தறிக்குடோனில் இருந்த எலக்ட்ரானிக் தராசை மட்டும்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டிப் பின்னால் நீளமாக ஒரு குடோன், அதற்குள் விசைத்தறிகள். அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஓட்டினார்கள். வருகிற நூலை எடை போட்டு வாங்குவது, போகிற துணியை எடை போட்டு அனுப்புவது எல்லாம் மாமாவின் பொறுப்பு. மனுசன் பொய் சொல்லுவான், தராசு சொல்லாது என்பது அவருடைய கட்சி. தீபாவளிக்கு யாராவது இனிப்பு டப்பா கொடுத்தால்கூட எடை போட்டுப் பார்த்த பிறகுதான் பிரிப்பார். முக்கால் கிலோவை ஒரு கிலோ என்று எழுதியிருந்தால் அன்று முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்கவில்லை. அது அவர் ஒருத்தருடைய குறையும் இல்லை. தறி ஓட்டுகிற மாப்பிள்ளை என்று சொன்னதுமே எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மாமாவின் ஜாதகம் போய்ப் போய்த் திரும்பி வந்து ஓரமெல்லாம் நைந்துவிட்டது. மீசையில் எட்டிப் பார்த்த நரையை அவர் கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை ஜாதகம் திரும்பி வரும்போதும் அம்மா சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுவாள். மாமா குடோனுக்குள் போய் எடை போட்ட நூலையே மறுபடி எடை போடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் தரகர் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். துடியலூர்ப் பக்கம் ஒரு பெண். பழக்கூழ், ஜாம் எல்லாம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள், பெண்ணும் கூடவே வருகிறது என்றார். பெண்ணே நேரில் வருவது அம்மாவுக்குப் புதுசு. வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு ஒன்னே ஒன்னுதான் கேட்டுதுங்க. மாப்ளைக்கு ஏதாச்சும் ஒரு பலகாரமாவது செய்யத் தெரியுமான்னு" என்றார் தரகர், பெரிய தமாஷ் சொன்ன மாதிரி.

அப்பா சிரித்தார். தரகரும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "தெரியும்னு சொல்லிப்போடுங்க" என்றார்.

தரகர் தலை மறைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "உனக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியுமாடா தம்பி?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள தெரிஞ்சுக்கறேங்க்கா" என்றார் மாமா.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான், ஆனால் அப்போதும் நானேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா செல்போனில் அன்னாசிப்பழக் கேசரி வீடியோ ஒன்றைத் தேடிப்பிடித்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வீடியோவில் ஒரு அம்மாள், ஒரு கப் ரவைக்கு ஒரு கப் நறுக்கிய அன்னாசி என்றாள். மாமா அதோடு நிறுத்திவிட்டார்.

"கப்புன்னா எந்தக் கப்பு அம்மணி?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் கல்யாணங்களில் கொடுத்தது, எதனுடனோ இலவசமாக வந்தது என்று விதவிதமான கப்பும் டம்ளரும் இருந்தன. அத்தனையையும் மாமா குடோனுக்கு அள்ளிக்கொண்டு போனார். தராசுத் தட்டில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாக வைத்து, டம்ளரின் எடை கழிய ஜீரோ பட்டனை அழுத்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நான் எண்களைக் கத்தினேன். கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குச் சரியாக இருநூற்று ஐம்பது காட்டியது. மாமா குதிக்காத குறைதான்.

"இதுதான் கப்பு! ஒரு கப்பு கால் கிலோ! தீந்துது வேல!"

எனக்கும் உச்சந்தலை வரை சந்தோஷம். இரண்டு கப் ரவை போடப் போகிறோம், அதனால் பழமும் இரண்டு கப், அதாவது அரைக் கிலோ என்று மூச்சு விடாமல் பெருக்கிச் சொன்னேன். மாமா என் தலையில் கை வைத்து, நீ கலெக்டராகத்தான் வருவாய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசு சமையலறை மேடைக்கு வந்துவிட்டது. மாமா கொண்டையோடு ஒரு அன்னாசிப்பழம் வாங்கி வந்தார். கொண்டையைத் திருகி எடுத்தோம், எடை இறங்கியது. தோலைச் சீவினோம், இன்னும் இறங்கியது. கண்களைத் தோண்டி நடுத்தண்டை எடுத்த பிறகு பாதிதான் மிச்சம். "பாதிக்குப் பாதி போச்சேடா சாமி!" என்று மாமா தலையில் கை வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு பழத்துக்கு ஓடினார். வீடு முழுக்கப் பழ வாசனை. பெரிய பெரிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டு, சரியாக ஐந்நூறு வந்ததும் நிறுத்தினார். கடைசித் துண்டில் ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்தபோதுதான் எண் சரியாக நின்றது.

ரவை மட்டும் அம்மாவின் பொறுப்பில் இருந்தது. அவள் அதே டம்ளரால் இரண்டு தடவை அளந்து கொட்டினாள். மாமா ரவையையும் எடை போடப் பார்த்தார்.

"ரவை எனக்குத் தெரியும். நீ உம்பட பழத்தப் பாரு" என்று அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். பழம் வெந்துகொண்டிருந்த சட்டியைப் பார்த்து, "பழம் நெம்ப அதிகமாத் தெரியுதேடா" என்றும் சொன்னாள்.

"தராசு சொல்லுதுங்க்கா."

அதற்கு மேல் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் கேசரி பேசியது. எத்தனை கிளறியும் சுருண்டு வராமல் களக் களக் என்று கொதித்தபடியே இருந்தது. அம்மா நெய்யை ஊற்றினாள். முந்திரியைக் கொட்டினாள். ஆறினால் கெட்டியாகிவிடும் என்று மாமா கெஞ்சுகிற குரலில் சொன்னார். அது மதியம் வரை ஆறியும் கெட்டியாகவில்லை. வாசலில் கார் ஹாரன் கேட்டது.

வந்தவர்கள் பேச வசதியாக அன்று அப்பா தறிகளை நிறுத்தியிருந்தார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே இருந்த எனக்கு வீடே காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. பெண்ணின் அம்மாவும் பெரியப்பாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பெண்ணாக வந்த அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார். பெரியப்பா உட்காரும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"கருமத்தம்பட்டியில இன்னொரு இடம் பாக்கோணுமுங்க. மாப்ள பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. பொழுதோட ஆறு மணிக்கெல்லாம் பஸ் ஏறிருவாருங்களாம். நாலரைக்கு ராகுகாலம் பொறந்துருது, அதுக்குள்ள அங்க போயிரோணும்" என்று வெளிப்படையாகவே சொன்னார். நல்ல மனிதர், ஒளித்துப் பேசத் தெரியவில்லை. அம்மாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. ராகுகாலத்தில் எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கு வாசற்படி தாண்ட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

தட்டுகள் வந்தன. ஒரு பக்கம் மிக்சர், ஒரு பக்கம் கேசரி. பெண்ணின் அம்மா தட்டைக் கொஞ்சம் சாய்த்தார். கேசரி மெதுவாக நகர்ந்து மிக்சரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரு வாய் எடுத்து வைத்தவர் புளிப்பில் ஒரு கண்ணைச் சுருக்கினார். பெரியப்பா தட்டைத் தொடவே இல்லை.

அந்த அக்கா மட்டும் ஸ்பூனால் பழத்துண்டுகளை ஒதுக்கி எண்ணுகிற மாதிரி பார்த்தார். "இத யாருங்க செஞ்சது?"

அம்மா நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமா, "நானுங்க" என்றார்.

"எத்தன கப்பு பழம் போட்டீங்க?"

"ரெண்டு கப்புங்க. அரைக் கிலோ."

"எந்த டம்ளர்ல அளந்தீங்க?"

"டம்ளர்ல அளக்கலீங்க. எடை போட்டனுங்க."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு கப்பு பழம் கால் கிலோன்னு யாருங்க கணக்குப் போட்டது?"

நான் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். "நானுங்க! கணக்கு கரெக்டுங்க!"

பெரியப்பா கடகடவென்று சிரித்தார். அவர் கேலியாகச் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாமா சட்டென்று எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "புள்ள பெருக்குனது செரிதானுங்க. கப்புக்குக் கால் கிலோன்னு சொன்னது நான். தப்பு இருந்தா எம்மேலதானுங்க" என்றார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். மாமாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னிடம், "வா கண்ணு, எடை போட்டே பாத்துரலாம். பழம் மிச்சம் இருக்குதா?" என்றார். "ஏனுங்க, நீங்களும் வாங்க" என்று மாமாவையும் கூப்பிட்டார்.

எனக்கு ஒரே கொண்டாட்டமாகிவிட்டது. இரண்டாவது பழத்தில் பாதி அப்படியே இருந்தது. மாமா நறுக்கினார், அக்கா டம்ளரில் துண்டுகளை நிரப்பித் தட்டில் வைத்தார். இருநூற்று நாற்பதைத் தாண்டிக் காட்டியது. "பாத்தீங்களா, கால் கிலோதான்!" என்று கத்திய வாயை மூடுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

"அக்கா, ஜீரோ அழுத்தலீங்க! டம்ளர் எடையும் சேந்துபோச்சு!"

"அடடே, மறந்தே போயிட்டேன் கண்ணு" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை நூற்று ஐம்பது. மாமா தராசைத் தட்டிப் பார்த்தார். குனிந்து ஒயரைப் பார்த்தார். தராசு தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சிறுத்துவிட்டது.

"தராசு நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணின்னா டம்ளர் பூரா நெறஞ்சுரும். பழம் அப்புடி நெறையாதுங்க. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவால வெறும் காத்துதான். கப்பு கணக்கு வேற, கிலோ கணக்கு வேறைங்க" என்றார் அக்கா.

மாமா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஆமாம், சந்து சந்தாக இருந்தது! அந்தச் சந்துகளையெல்லாம் நாங்கள் பழம் என்று நினைத்துப் பழத்தையே போட்டுவிட்டோம். அதனால்தான் கேசரி ஓடியது, அதனால்தான் புளித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"அப்போ பொடிசா நறுக்குனா?" என்று மாமா கேட்டார்.

அக்காவின் முகம் மலர்ந்ததே, அதை நான் நன்றாகப் பார்த்தேன். "நறுக்குங்க, பாத்துரலாம்."

மாமா அதே பழத்தை இன்னும் சின்னதாக நறுக்கினார். டம்ளரில் பழம் கீழே இறங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் போட்டு நிரப்பினால் நூற்று அறுபத்தைந்து. இன்னும் பொடியாக நறுக்கினால் நூற்று எண்பது! அதே டம்ளர், அதே பழம், வெட்டுகிற கத்திக்குத் தகுந்த மாதிரி எடை மாறியது. நான் ஒவ்வொரு எண்ணையும் கூடத்துக்குக் கேட்கும்படி கத்தினேன். சாறு வடித்து ஒரு தடவை, வடிக்காமல் ஒரு தடவை, கரண்டியால் அமுக்கி ஒரு தடவை, அமுக்காமல் ஒரு தடவை என்று அக்கா புதுசு புதுசாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மணி என்னாச்சு கண்ணு?" என்று நடுவில் கேட்டார். நாலு என்றேன்.

அப்போதுதான் அக்காவின் கணக்கு எனக்குச் சந்தேகமாகப் பட ஆரம்பித்தது. கேசரிக்கு நடுத்தரத் துண்டு போதும், ஒரு கப் நூற்று அறுபத்தைந்து, இரண்டு கப்புக்கு முந்நூற்று முப்பது என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். "அப்புடீங்கறயா? எதுக்கும் இன்னொருக்கா போட்டுப் பாத்துரலாம்" என்றார். மிச்சமிருந்த பழத்தை நடுத்தரமாக நறுக்கி மறுபடி போட்டோம். அதேதான் வந்தது. நான் அப்பவே சொன்னேனே என்றால் என் கையை மெதுவாக அழுத்திவிட்டு, "அவசரப்படக் கூடாது கண்ணு" என்றார். அதற்கப்புறமாவது பேசாமல் எடை போட்டாரா? அதுவும் இல்லை. மழை நாளில் நூல் ஈரம் குடித்து எடை கூடுமாமே என்று மாமாவிடம் கேட்டார். மாமா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுவதை அந்த மேடைப் பக்கத்தில் நின்று பேசிவிட்டார். நான் பழ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு நூல் கதை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

"மணி என்னாச்சு கண்ணு?"

நாலே கால் என்றேன், கொஞ்சம் கடுகடுப்பாக.

கூடத்திலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். "ஏனம்மணி, கெளம்பலாமா? அங்க காத்துட்டு இருப்பாங்கல்ல."

"இதா வந்துட்டனுங்க பெரியப்பா. ஒரே ஒருக்கா எடை போட்டுட்டு வாரேன். கணக்கு இடிக்குதுங்க."

கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை! அதைச் சொல்லலாம் என்று கூடத்துக்கு ஓடப் பார்த்தேன். அக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, பழத்தை மறுபடி கொட்டி, டம்ளரைக் கழுவி, துடைத்து, ஈரம் காயட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். கழுவின டம்ளரின் ஈரம் என்ன எடை இருந்துவிடப் போகிறது? நான் கேட்டே விட்டேன். "எங்க கம்பெனில இப்புடித்தான்" என்றார். டம்ளர் காய்கிற வரைக்கும் மாமாவும் அவரும் ஜன்னல் ஓரமாகவே நின்றார்கள். மாமா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கானால் பொறுமையே போய்விட்டது.

டம்ளர் காய்ந்தது. அக்கா ஒவ்வொரு துண்டாக எடுத்து, பூ கோக்கிற மாதிரி நிதானமாக நிரப்பினார். தட்டில் வைத்தார். அதே நூற்று அறுபத்தைந்து.

கூடத்தில் பெரியப்பா பெருமூச்சு விட்டது சமையலறை வரை கேட்டது. "போச்சு போங்க. நாலரை ஆயிருச்சு. ராகுகாலம் பொறந்துருச்சு. இனி ஆறு மணிக்கு மேலதான் எந்திரிக்கோணும்."

"அட, ஆமா கண்ணு! நீ சொன்னதுதான் செரி! ரெண்டு கப்புக்கு முந்நூத்தி முப்பது!" என்றார் அக்கா, அந்த நிமிடமே.

கடைசியில் ஒரு வழியாகப் புரிந்துகொண்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியப்பா செல்போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாப்பிள்ளை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாராம், இனி அடுத்த லீவுக்குத்தான் வருவாராம். அம்மா ஓடி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். போட்டிருந்த அரைக் கிலோப் பழத்துக்கு மூன்று கப் ரவை வேண்டும் என்று, இன்னும் ஒரு கப் ரவையை வறுத்து, ஓடிய கேசரியிலேயே கொட்டி, கூடக் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு, மாமா கிளற, அக்கா பக்கத்தில் நின்று போதும் போதும் என்று சொல்ல, கேசரி இந்தத் தடவை சட்டியை விட்டுச் சுருண்டு வந்தது. பெரியப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ராகுகாலத்திலும் வயிறு கேட்கத்தானே செய்யும் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் காரில் ஏறும்போது பெண்ணின் அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வார புதங்கெழமை நீங்க எல்லாரும் எங்கூட்டுக்கு வாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு அர்த்தம்தான், பெண் வீட்டுக்குச் சம்மதம். கார் திருப்பத்தில் மறைகிற வரை சிரித்த முகமாக நின்ற அம்மா, மறைந்ததும் மாமாவின் தோளில் சாய்ந்து சத்தமாகவே அழுதாள். அப்பா தறிகளை ஓட்டிவிடப் போய்விட்டார். அவருக்கு அழுகையைப் பார்க்கப் பிடிக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா என்னைக் கேட்டாள். "அக்கா எப்புடி கண்ணு? உனக்குப் பிடிச்சுதா?"

நான் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். கல்யாண விஷயம், மறைக்கக் கூடாது.

"நல்ல அக்காதாம்மா. ஆனா பாவம், கணக்குதான் சுத்தமா வரல. சும்மா ரெண்டால பெருக்கறதுக்கு இத்தன நேரம்."

அம்மா மாமாவைப் பார்த்தாள், மாமா அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மாவால் நிற்க முடியவில்லை, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கணக்கு வராத ஒருத்தரை, அதுவும் நம் வீட்டுக்கு வரப்போகிறவரை, முதுகுக்குப் பின்னால் இப்படியா சிரிப்பது?

"சிரிக்காதீங்க" என்று இரண்டு பேரையும் அதட்டினேன். "கல்யாணம் ஆயி வரட்டும். நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்துக்கறேன்."